நாணலும் வெள்ளைக் கரும்பும்: கோ 205-இல் மிகுந்து வந்த 40 குரோமோசோம்கள்

வெள்ளை என்ற கரும்பு ரகத்தின் உடல் செல்லில் 80 குரோமோசோம்கள் உண்டு. கோயம்புத்தூர்ப் பக்கம் வாய்க்கால் ஓரங்களில் தானாக முளைத்து நிற்கும் நாணலில் 64. வெள்ளையைத் தாயாகவும் நாணலைத் தந்தையாகவும் வைத்துக் கலப்பு செய்தால், பிள்ளைக்குத் தாய் வழியில் 40, தந்தை வழியில் 32, ஆக 72 வர வேண்டும். இனச்செல்லில் குரோமோசோம்களைப் பாதியாக்கும் குன்றல் பகுப்பைப் பள்ளியில் படித்த எவரும் போட்டுவிடக்கூடிய கணக்கு இது. ஆனால் அந்தக் கலப்பில் பிறந்த கோ 205 கரும்பின் செல்லில் இருப்பது 112. தந்தையின் பங்கு 32 சரியாகத்தான் இருக்கிறது. தாயின் பங்குதான் 40-ஆகக் குறையாமல் முழு 80-ஆக வந்திருக்கிறது.

பாதியாக வேண்டியது பாதியாகாமல் வந்தால் அந்தச் செடி பெரும்பாலும் மலடாகப் போகும், அல்லது விதையே பிடிக்காது. இங்கே நேர்மாறாக நடந்தது. மிகுந்து வந்த அந்த 40 குரோமோசோம்கள் இல்லையென்றால், காட்டு நாணலின் வலிமையையும் வெள்ளை சேர்ந்த நோபிள் கரும்பினத்தின் இனிப்பையும் ஒரே தண்டில் சேர்க்க இன்னும் ஒரு தலைமுறைக் கலப்பாவது கூடுதலாகத் தேவைப்பட்டிருக்கும். குன்றல் பகுப்பின் ஒவ்வொரு படியும் எதற்காக இருக்கிறது என்று புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான நிகழ்வு பயிர் உலகில் அதிகம் இல்லை.

கலப்பு நடந்த சூழல்

கரும்பின் விதை முளைக்கும் என்பது 1888 வாக்கில்தான் ஜாவாவிலும் பார்படோஸிலும் உறுதியானது. அதுவரை கரணை வைத்து வளர்ப்பது ஒன்றே வழி. கரணையில் வளர்வது தாயின் நகல். அங்கே குன்றல் பகுப்புக்கு வேலை கிடையாது. விதை முளைக்கிறது என்று தெரிந்ததும் கரும்பில் கலப்பு செய்யலாம் என்ற வழி திறந்தது.

கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் 1912-இல் தொடங்கப்பட்டது. அந்த ஊரைத் தேர்ந்தெடுக்கக் காரணம் பூ. வட இந்தியாவில் கரும்பு பூப்பதே அரிது. பூத்தாலும் குளிரில் மகரந்தம் கெட்டு விதை பிடிக்காது. கோவையின் பகல் நீளமும் மிதமான இரவு வெப்பமும் கரும்புக்கு ஒத்துப்போகின்றன; மழைக்காலத்து மாதங்களில் பூங்கதிர்கள் தாராளமாக வெளிவருகின்றன. கரும்பு தேவைப்பட்டதோ வடக்கே. அங்கே அப்போது இருந்தவை மெலிந்த, நார் மிகுந்த நாட்டுக் கரும்புகள். நியூகினியில் தோன்றிய தடித்த நோபிள் கரும்பில் சாறும் சர்க்கரையும் அதிகம், ஆனால் வடக்கின் குளிரையும் வறட்சியையும் அது தாங்காது. நாணலில் சர்க்கரை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நீர் தேங்கினாலும் நிலம் காய்ந்தாலும் சாகாது, அடியிலிருந்து திரும்பத் திரும்பத் துளிர்க்கும்.

அந்த நிலையத்தின் ஆய்வாளர்களான சி. ஏ. பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும் வெள்ளையை நாணலோடு சேர்த்தார்கள். அதில் தேறிய நாற்றுகளில் ஒன்றுதான் கோ 205. 1918-இல் பஞ்சாபுக்காக வெளியிடப்பட்டது. 'கோ' என்பது கோயம்புத்தூரைக் குறிக்கிறது. குரோமோசோம் எண்ணிக்கையெல்லாம் இதற்குப் பின்னால் வந்த கதை. 1920-களில் ஜாவாவின் பசுருவானில் ஜி. பிரெமர் என்ற ஆய்வாளர் கரும்பினங்களையும் கலப்புகளையும் ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கிய பிறகே, நோபிள் கரும்பு தாயாகவும் நாணல் தந்தையாகவும் இருக்கும் கலப்புகளில் தாய் தன் குரோமோசோம் தொகை முழுவதையும் கொடுக்கிறது என்பது தெரியவந்தது. கலப்பு செய்தவர்கள் வயலில் தண்டைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். எண்ணிக்கை பின்னர் வந்து விளக்கம் சொன்னது.

80 எப்படி 40 ஆகிறது

இனி உடல் செல்லில் உள்ள எண்ணிக்கையை முழுத்தொகை என்றும், மகரந்தத்திலோ முட்டையிலோ இருக்க வேண்டியதை அரைத்தொகை என்றும் சொல்வோம். இதோடு மூன்றாவது எண் ஒன்றும் உண்டு: ஓர் அடிப்படைத் தொகுதியில் எத்தனை குரோமோசோம்கள் என்பது. நோபிள் கரும்பின் அடிப்படை எண் 10, நாணலின் அடிப்படை எண் 8. ஆக வெள்ளையின் 80 என்பது பத்துப் பத்தாக எட்டுத் தொகுதிகள். கோவை நாணலின் 64 என்பது எட்டெட்டாக எட்டுத் தொகுதிகள். இரண்டுமே எண்மடியங்கள். அரைத்தொகையையும் அடிப்படை எண்ணையும் ஒன்றென்று நினைப்பவர்கள்தான் கரும்பில் முதலில் தடுக்கி விழுகிறார்கள். மனிதனில் இரண்டும் 23, அதனால் வேறுபாடு கண்ணில் படுவதில்லை. கரும்பில் அரைத்தொகை 40, அடிப்படை எண் 10.

குன்றல் பகுப்புக்கு முன்னால் டி.என்.ஏ. ஒருமுறை இரட்டிக்கிறது. 80 குரோமோசோம்களும் தலைக்கு இரண்டு சகோதரி குரோமாட்டிடுகளோடு நிற்கின்றன. மொத்தம் 160 இழைகள். இதன்பின் இரட்டிப்பு கிடையாது, பகுப்பு மட்டும் இரண்டு முறை. எண்ணிக்கை பாதியாவதன் அடிப்படை இதுதான்: ஒரு இரட்டிப்பு, இரண்டு பகுப்பு. இந்த மூன்றில் எது தவறினாலும் கணக்கு மாறும்.

முதல் பகுப்பின் புரோஃபேஸ்தான் நீளமானது. லெப்டோட்டீனில் குரோமோசோம்கள் நூலாகத் தெரியத் தொடங்கும்போதே டி.என்.ஏ.வில் பல இடங்களில் செல் தானே வெட்டுகளை உண்டாக்குகிறது. அந்த வெட்டுகளைச் சரிசெய்யத் துணை தேடும் போக்கில்தான் ஒத்த குரோமோசோம்கள் ஒன்றையொன்று கண்டுகொள்கின்றன. சைகோட்டீனில் அவை ஜிப் இழுத்தது போல் நெருங்கி இணைகின்றன. பாக்கிட்டீனில் குறுக்கேற்றம், அதாவது ஒத்தவை தமக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்வது, முடிகிறது. டிப்ளோட்டீனில் இணைப்பு தளர்ந்தாலும் குறுக்கேற்றம் நடந்த இடங்களில், அதாவது கயாஸ்மாக்களில், ஜோடி பிடித்துக்கொண்டு நிற்கிறது. டயாகைனசிஸில் ஜோடிகள் சுருங்கித் தடித்துத் தனித்தனியாகத் தெரியும். எண்ண வேண்டுமானால் இதுதான் நேரம்.

எட்டுத் தொகுதிகள் உள்ள செடியில் ஒவ்வொரு குரோமோசோமுக்கும் ஏழு ஒத்த துணைகள் உண்டு. எட்டும் ஒரே கொத்தாகப் பிணைந்தால் பிரியும்போது நான்குக்கு நான்கு என்று சமமாகப் பிரிய எந்த உத்தரவாதமும் இல்லை. நோபிள் கரும்பில் அப்படி நடப்பது மிகக் குறைவு. டயாகைனசிஸில் பார்த்தால் பெரும்பாலும் 40 ஜோடிகள் இருக்கும். ஒரு குரோமோசோமுக்குக் குறுக்கேற்றம் ஒன்றிரண்டோடு நின்றுவிட்டால் அது இரண்டு மூன்று துணைகளோடு ஒரே நேரத்தில் பிணைய இடமில்லை. பன்மடியச் செடி வளம் குன்றாமல் இருக்க வேண்டுமானால் இந்தச் சிக்கனம் தேவை.

மெட்டாஃபேஸில் ஒவ்வொரு ஜோடியும் நடுத்தளத்தில் நின்று, ஒரு குரோமோசோம் ஒரு துருவத்தையும் மற்றது எதிர்த் துருவத்தையும் நோக்கும். சாதாரண செல் பிரிவில் சகோதரி குரோமாட்டிடுகள் எதிரெதிராக இழுக்கப்படும். இங்கே முதல் பகுப்பில் இரண்டு சகோதரிகளும் ஒரே பக்கம் செல்கின்றன. அனாஃபேஸில் சகோதரிகளின் கைகளைச் சேர்த்துப் பிடித்திருந்த கோஹீசின் என்ற புரதப் பசை அறுகிறது, ஆனால் சகோதரிகள் ஒட்டியிருக்கும் இடமான சென்ட்ரோமியர் அருகில் மட்டும் ஷுகோஷின் என்ற புரதம் அதை அறுபடாமல் காக்கிறது. அந்தக் காவல் இரண்டாம் பகுப்பில்தான் விலகும். அப்போது சகோதரிகள் பிரியும். முடிவில் நான்கு உட்கருக்கள், ஒவ்வொன்றிலும் 40.

மகரந்தப்பையில் இந்த நான்கும் நான்கு மகரந்தத் துகள்களாகின்றன. சூலில் கதை வேறு. கரும்பின் சிறு பூ ஒவ்வொன்றிலும் மகரந்தப்பைகள் மூன்று, சூல் ஒன்றே ஒன்று. அந்தச் சூலுக்குள் முட்டைக்கு மூலமான பெருவித்துத் தாய்செல்லும் ஒன்றுதான். அது பகுப்படைந்து நான்கு பெருவித்துகள் வரிசையாக நிற்கும். அடிப்பக்கத்தில் உள்ள ஒன்று மட்டும் பிழைத்து மற்ற மூன்றும் சிதைந்துபோகும். பிழைத்ததன் உட்கரு மூன்று முறை சாதாரணமாகப் பிரிந்து எட்டாகி, முட்டைப்பைக்குள் ஒரு முட்டைசெல்லும் நடுவில் இரண்டு துருவ உட்கருக்களும் பக்கத்தில் துணைச் செல்களும் அமையும். மகரந்தக்குழல் வந்து சேரும்போது இந்த வேலையெல்லாம் முடிந்திருக்கும். இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கோ 205 புதிரின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

எண்ணும் முறையும் ஏமாறும் இடங்களும்

112 என்ற எண்ணை நம்புவதற்கு முன் அது எப்படிக் கிடைக்கிறது என்று தெரிய வேண்டும். கரும்பின் குரோமோசோம்கள் சிறியவை, எண்ணிக்கையோ நூறைத் தாண்டுகிறது. ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கிடந்தால் இரண்டு மூன்று தவறிப்போவது சாதாரணம்.

முழுத்தொகையை வேர் நுனியில் எண்ணுவார்கள். ஒரு பரு உள்ள கரணையை ஈர மணலில் வைத்தால் சில நாட்களில் வெள்ளை வேர்கள் வரும். ஒரு சென்டிமீட்டர் அளவில் வேரை வெட்டி, 0.002 மோலார் ஹைட்ராக்சிகுவினோலின் கரைசலில் மூன்று நான்கு மணி நேரம் குளிர்ந்த இடத்தில் வைத்தால் குரோமோசோம்களை இழுக்கும் கதிர்கோல் இழைகள் குலைந்து குரோமோசோம்கள் சுருங்கிப் பரவி நிற்கும். இந்தப் படியை விட்டால் குரோமோசோம்கள் நடுத்தளத்தில் நெருக்கியடித்துக் கிடக்கும், எண்ணவே முடியாது. நேரம் அதிகமானால் அவை புள்ளிகளாகச் சுருங்கி, நீளமான ஒன்றா அருகருகே இரண்டா என்று பிரித்தறிய முடியாமல் போகும். பிறகு மூன்று பங்கு எத்தில் ஆல்கஹாலும் ஒரு பங்கு அசெட்டிக் அமிலமும் கலந்த கலவையில் ஒருநாள் பதப்படுத்தி, மென்மையாக்கி, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் நசுக்கிப் பார்க்க வேண்டும்.

குன்றல் பகுப்பைப் பார்க்க வேர் உதவாது; பூங்கதிர் வேண்டும். அதுவும் கதிர் வெளியே வந்து வெள்ளிநிறத்தில் விரிந்த பிறகு போனால் வேலை முடிந்துபோயிருக்கும். கொடியிலை எனப்படும் கடைசி இலையின் உறைக்குள் கதிர் இன்னும் பொதிந்திருக்கும்போதே காலையில் வெட்டி, உறையைப் பிரித்து, உடனே அதே மூன்றுக்கு ஒன்று கலவையில் போட வேண்டும். ஒருநாள் கழித்து 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றி 4 டிகிரி செல்சியஸில் வைத்தால் வாரக்கணக்கில் இருக்கும். கதிரின் நுனிப்பூக்கள் முந்தி முதிரும், அடிப்பூக்கள் பின்தங்கும். ஒரே கதிரில் மேலிருந்து கீழாக எடுத்துக்கொண்டே வந்தால் வெவ்வேறு நிலைகள் கிடைக்கும். நிறமற்றுக் கண்ணாடி போலிருக்கும் மகரந்தப்பைதான் பயன்படும். மஞ்சளோ ஊதாவோ ஏறிவிட்டால் உள்ளே இருப்பது மகரந்தம்.

மகரந்தப்பையை ஒரு சொட்டு அசிட்டோகார்மைனில் (1 முதல் 2 சதவீதம்) வைத்து ஊசியால் கீறிப் பிதுக்க வேண்டும். ஊசி சற்றுத் துருப்பிடித்ததாக இருந்தால் நல்லது. அந்த இரும்பு சாயத்தை அழுத்தமாகப் பிடிக்க வைக்கும். வெற்றுப் பையின் தோலை எடுத்துவிட்டு மூடுதகடு வைத்து, சுடரின் மேல் இரண்டு மூன்று முறை காட்டி, தாளுக்கடியில் வைத்துக் கட்டைவிரலால் நேராக அழுத்த வேண்டும். தகடு பக்கவாட்டில் நழுவினால் செல்கள் உருண்டு நாசமாகும்; கொதிக்கவிட்டால் குமிழியேறிப் பயனற்றுப் போகும். புதிதாகச் செய்பவர்கள் அதிகம் ஏமாறுவது டபீட்டம் செல்களில். மகரந்தப்பையின் உட்சுவரில் உள்ள இந்த ஊட்டச் செல்களில் இரண்டு உட்கருக்கள் இருக்கும். அவற்றைப் பார்த்துவிட்டு முதல் பகுப்பு முடிந்த செல் என்று எழுதிவிடுவார்கள். மகரந்தத் தாய்செல் பெரியது, உருண்டையானது, உட்கரு நடுவில் இருக்கும். அதைக் கண்டுகொண்ட பிறகே எண்ணத் தொடங்க வேண்டும். ஒரு செல்லில் கிடைத்த எண்ணை வைத்து எதுவும் சொல்லக் கூடாது. குறைந்தது இருபது முப்பது நல்ல செல்களில் எண்ணி, எந்த எண் திரும்பத் திரும்ப வருகிறதோ அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பெண் பக்கம் இவ்வளவு எளிதல்ல. ஒரு மகரந்தப்பையில் தாய்செல்கள் ஏராளம். ஒரு பூவின் சூலில் ஒன்று மட்டுமே. அதை நசுக்கிப் பார்க்க முடியாது. மெழுகில் பதித்து மெல்லிய சீவல்களாக வெட்டி, சரியான நிலையில் வெட்டுப்பட்ட ஒன்றைத் தேடி எடுக்க வேண்டும். தவறு நடந்த இடம் முட்டைப் பக்கம். எளிதாகப் பார்க்க முடிகிற இடமோ மகரந்தப் பக்கம். முட்டையில் என்ன நடந்தது என்று நேராகக் காட்டுவது இன்றுவரை சிரமமாக இருப்பதற்கு இந்த இடைவெளியே காரணம்.

40 எங்கே 80 ஆனது

மூன்று வழிகள் உண்டு, மூன்றும் ஒரே எண்ணைத்தான் தரும்.

முதலாவது, முதல் பகுப்பு நின்றுபோவது. ஜோடிகள் சேர்ந்தன, ஆனால் துருவங்களுக்குப் பிரியவில்லை; 80-ம் ஒரே உட்கருவுக்குள் அடைபட்டன. பிறகு இரண்டாம் பகுப்பு மட்டும் நடந்து சகோதரி குரோமாட்டிடுகள் பிரிந்தால் 80 உள்ள இரண்டு உட்கருக்கள் கிடைக்கும். இரண்டாவது, முதல் பகுப்பு ஒழுங்காக நடந்து இரண்டாவது நின்றுபோவது. 40 குரோமோசோம்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு சகோதரிகள். அவை வெவ்வேறு உட்கருவுக்குப் போகாமல் ஒன்றாகவே தங்கினால் 80. மூன்றாவதில் குன்றல் பகுப்பில் குறையே இல்லை. 40 உள்ள முட்டைசெல்லோ அதற்கு முந்தைய உட்கருவோ ஒருமுறை டி.என்.ஏ.வை இரட்டித்துவிட்டுப் பிரியாமல் நின்றால் அங்கேயும் 80.

எண்ணிக்கையில் ஒன்றாகத் தெரிந்தாலும் மரபில் இவை வேறு வேறு. தாயின் எட்டு ஒத்த குரோமோசோம்களில் ஒன்றில் மட்டும் உள்ள ஒரு டி.என்.ஏ. அடையாளத்தை எடுத்துக்கொள்வோம். முதல் பகுப்பு நின்றுபோயிருந்தால், சென்ட்ரோமியருக்கு அருகில் உள்ள அத்தகைய அடையாளம் எல்லாப் பிள்ளைகளுக்கும் வந்தே தீரும், ஏனென்றால் ஜோடியின் இரண்டு பக்கமும் ஒரே முட்டைக்குள் இருக்கின்றன. சென்ட்ரோமியரிலிருந்து விலகி, இடையில் ஒரு குறுக்கேற்றம் நடந்த அடையாளம் என்றால் நான்கில் மூன்று பிள்ளைகளுக்கு வரும். இரண்டாம் பகுப்பு நின்றிருந்தால் இது தலைகீழாகும்: சென்ட்ரோமியர் அருகில் உள்ளது பாதிப் பிள்ளைகளுக்கும், குறுக்கேற்றத்துக்கு அப்பால் உள்ளது எல்லாருக்கும் வரும். முட்டை பின்னால் இரட்டித்திருந்தால் எங்கே இருந்தாலும் பாதிப் பிள்ளைகளுக்கு மட்டுமே, வந்தவர்களுக்கு இரண்டு பிரதிகளாக. ஆகவே ஒரே கலப்பின் ஐம்பது நூறு நாற்றுகளில் டி.என்.ஏ. அடையாளங்களைப் பார்த்து, சென்ட்ரோமியர் அருகில் எத்தனை, நுனியில் எத்தனை என்று பிரித்தெழுதினால் நுண்ணோக்கி காட்டாததை விகிதம் காட்டிவிடும். இருபது நாற்றுகளோடு நிறுத்தினால் பாதியையும் நான்கில் மூன்றையும் பிரித்துச் சொல்ல முடியாது.

இதைவிடப் பெரிய புதிர் ஒன்று இருக்கிறது. நோபிள் கரும்பை நோபிள் கரும்போடு சேர்த்தால் பிள்ளைக்கு 80தான் வருகிறது. அதாவது முட்டையில் 40 இருந்திருக்கிறது. தன்மகரந்தச் சேர்க்கையிலும் அப்படியே. கலப்பைத் திருப்பிப் போட்டு நாணலைத் தாயாக வைத்தாலும் இரு பக்கமும் அரைத்தொகைதான். நோபிள் கரும்பு தாயாகி, நாணல் மகரந்தம் விழும்போது மட்டும் தாய் முழுத்தொகையைத் தருகிறது. முட்டை உருவாகும் வேலையோ மகரந்தம் வருவதற்கு முன்பே முடிந்துவிட்டது. பின்னால் வரப்போகும் மகரந்தம் எதுவென்று தாய்ச்செடிக்கு முன்கூட்டியே எப்படித் தெரியும்?

தெரியாது. அப்படியானால் இரண்டு விளக்கங்கள்தான் மிஞ்சுகின்றன. ஒன்று, நோபிள் கரும்பின் சூல்களில் 40 உள்ள முட்டைகளோடு 80 உள்ள முட்டைகளும் சில எப்போதும் இருக்கின்றன. நாணல் மகரந்தத்தோடு சேரும்போது 80 உள்ளவை மட்டுமே பிழைத்து விதையாகின்றன. மற்றொன்று, முட்டை 40-ஆகத்தான் இருந்தது. வேற்றின மகரந்தக்குழல் வந்த பிறகு அது இரட்டித்துக்கொண்டது.

முதல் விளக்கத்துக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் முளைசூழ்தசை. இரண்டு துருவ உட்கருக்களும் ஒரு ஆண் உட்கருவும் சேர்ந்து உருவாகும் அந்தத் திசுவில் தாயின் பங்கும் தந்தையின் பங்கும் இரண்டுக்கு ஒன்று என்று இருக்க வேண்டும். விகிதம் கலைந்தால் விதை வற்றிப்போகும். ஆனால் இங்கே கணக்கிட்டுப் பாருங்கள். வெள்ளையும் நாணலும் எண்மடியங்கள். முறையான முட்டைப்பை என்றால் தாயிடமிருந்து நான்கும் நான்கும் எட்டுத் தொகுதிகள், தந்தையிடமிருந்து நான்கு. இரண்டுக்கு ஒன்று சரியாகவே இருக்கிறது. முழுத்தொகை முட்டைப்பை என்றால் பதினாறுக்கு நான்கு, விகிதம் கெட்டே போகிறது. தொகுதிகளை எண்ணும் அளவில் முளைசூழ்தசை வாதம் கோ 205-க்கு ஒத்துழைக்கவில்லை. அதைக் காப்பாற்ற வேண்டுமானால் இரண்டு இனங்களின் தொகுதிகளுக்கும் ஒரே எடை இல்லை என்று வைத்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே, இரட்டிப்பு பிற்பாடு நடந்தது என்ற விளக்கத்தை ஒதுக்கிவிடக் கூடாது. ஆனாலும் தீர்ப்பைச் சொல்ல வேண்டியது மேலே சொன்ன அடையாள விகிதம்தான்.

112-இன் பாதி 56

கோ 205 பூத்தபோது அதன் சொந்தக் குன்றல் பகுப்பு எப்படி நடக்கும்? 72 குரோமோசோம்களோடு பிறந்திருந்தால் 40 நோபிள், 32 நாணல். இரண்டு இனங்களின் குரோமோசோம்களும் அளவிலும் அடிப்படை எண்ணிலும் வேறானவை. பத்து வகையும் எட்டு வகையும் நேருக்கு நேர் பொருந்தாது. ஆனால் எண்மடியத்தின் பாதி என்பதால் ஒவ்வோர் இனத்துக்குள்ளேயே நான்கு நான்கு ஒத்தவை இருந்திருக்கும். அவை தமக்குள் ஜோடி சேர்ந்து ஒருவாறு சமாளித்திருக்கும்.

112-இல் நிலைமை இன்னும் வசதி. நோபிள் பக்கம் 80, அதாவது எட்டெட்டாக ஒத்தவை. அங்கே 40 ஜோடிகள். நாணல் பக்கம் 32, நான்கு நான்காக ஒத்தவை. அங்கே 16 ஜோடிகள். மொத்தம் 56 ஜோடிகள், இனச்செல்லில் 56. சில செல்களில் துணையில்லாத தனியன்கள் வரும். அனாஃபேஸில் மற்றவை துருவம் சேர்ந்த பிறகும் நடுவில் பின்தங்கி நிற்கும் சிறு புள்ளிகள்தான் அவை. துருவ உட்கருவுக்குள் போக முடியாதவை தனியே சிறு உட்கருவாகச் சுருண்டு, பகுப்பு முடிந்து நான்கு செல்கள் சேர்ந்து நிற்கும் நான்முகிகளில் தெரியும். நூறு நான்முகிகளில் எத்தனையில் சிறு உட்கரு இருக்கிறது என்று எண்ணினால் அந்தச் செடியின் பகுப்பு எவ்வளவு ஒழுங்கு என்று ஓர் அளவு கிடைக்கும்.

மகரந்தத்தின் தரத்தை வயலிலேயே பார்க்கலாம். காலையில் வெடிக்கும் பைகளிலிருந்து துகளைத் தட்டி அயோடின் கரைசலில் போட்டால், மாவுச்சத்து நிறைந்த நல்ல துகள் கருநீலமாக உருண்டு நிற்கும். கெட்டது வெளிறிச் சுருங்கிக் கிடக்கும். நோபிள் ரகங்கள் பலவற்றில் மகரந்தம் பெரும்பாலும் கெட்டே இருக்கும். கலப்பு செய்பவருக்கு அது வசதி: அத்தகைய ரகத்தைத் தாயாக வைத்தால் ஆண் பகுதியை நீக்கும் வேலை மிச்சம், தன்மகரந்தச் சேர்க்கை நடந்துவிட்டதோ என்ற ஐயமும் இல்லை. இந்தச் சோதனையைச் செய்யாமல் நாணலோடு செய்த கலப்பில் 80 குரோமோசோம் நாற்று வந்தால், அது கலப்பே அல்ல, தாயின் சொந்த மகரந்தத்தில் பிறந்தது.

இரண்டாம் தலைமுறைக் கணக்கு

நாணலின் வலிமையில் கொஞ்சம் மட்டும் வைத்துக்கொண்டு சர்க்கரையைத் திரும்பக் கொண்டுவர, கலப்பினத்தை மறுபடி நோபிள் தாயோடு சேர்ப்பார்கள். ஜாவாவில் டச்சுக்காரர்கள் இதற்கு நோபிளாக்கம் என்று பெயரிட்டார்கள். இந்த இரண்டாம் கலப்பிலும் நோபிள் தாய் முழுத்தொகையையே தருகிறது.

முறைப்படி அரைத்தொகை மட்டும் வந்திருந்தால் முதல் கலப்பில் நோபிள் பங்கு 72-இல் 40, ஏறக்குறைய 56 சதவீதம். வந்ததோ 112-இல் 80, அதாவது 71 சதவீதம். மறுகலப்பில் முறைப்படி என்றால் 40-ம் 36-ம் சேர்ந்து 76. அதில் நோபிள் 60, அதாவது 79 சதவீதம். முழுத்தொகை வழியில் 80-ம் 56-ம் சேர்ந்து 136. அதில் நோபிள் 120, அதாவது 88 சதவீதம். முறையான வழி அந்த அளவை எட்ட இன்னொரு மறுகலப்பு வேண்டும். பூக்க வைப்பது, விதைத்து ஆயிரக்கணக்கில் நாற்று வளர்ப்பது, பல பருவம் தேர்ந்தெடுப்பது எல்லாம் சேர்ந்தால் கரும்பில் ஒரு சுற்றுக்குப் பத்தாண்டுக்கு மேல் ஆகும்.

ஜாவாவின் கதையிலும் இதே கணக்கு எழுதப்பட்டிருக்கிறது. அங்குள்ள கிளாகா நாணலில் 112 குரோமோசோம்கள், மகரந்தத்தில் 56. கருப்புச் செரிபான் என்ற நோபிள் கரும்போடு அது இயற்கையாகவே சேர்ந்து பிறந்த காசுர் என்ற கலப்பில் 136: 80-ம் 56-ம். செரே என்ற கரும்பு நோயால் ஜாவாவின் நோபிள் கரும்புகள் அழிந்துகொண்டிருந்தபோது காசுருக்கு மட்டும் அந்த நோய் வரவில்லை. அதை மறுபடி நோபிள் தாயோடு சேர்த்ததில் வந்த பிஓஜே 2364-இல் (பிஓஜே என்பது கிழக்கு ஜாவா ஆய்வு நிலையத்தைக் குறிக்கிறது) 148: 80-ம் 68-ம். அடுத்த கலப்பில் தாயின் மிகைக் கொடை நின்றுவிடுகிறது. பிஓஜே 2364-ஐத் தாயாக வைத்துச் செய்த கலப்பில் பிறந்த பிஓஜே 2878-இல் எண்ணிக்கை 120-ஐ ஒட்டி இறங்கியது. எந்தக் கட்டத்தில் முழுத்தொகை வருகிறது, எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதை எண்ணிக்கை மட்டுமே காட்டுகிறது. அதனால் பெற்றோர் பெயரை மட்டும் எழுதிவிட்டுக் குரோமோசோம் எண்ணாமல் விட்ட கலப்புப் பதிவேடு பாதிப் பதிவேடுதான்.

பிஓஜே 2878-ஐக் கோவையின் கோ 290-உடன் சேர்த்துத்தான் தென்னிந்திய வயல்களை நெடுங்காலம் ஆண்ட கோ 419 வந்தது. ஜாவாவின் கிளாகாவும் இந்திய நாணலும் ஒரே கரும்பில் சந்தித்த இடம் அது. இன்று தமிழ்நாட்டில் பரவலாக இருக்கும் கோ 86032 உட்பட நவீன ரகங்களில் குரோமோசோம்கள் பொதுவாக நூறுக்கு மேல். அவற்றில் எண்பது முதல் தொண்ணூறு சதவீதம் நோபிள் கரும்பிலிருந்தும், பத்து முதல் இருபது சதவீதம் நாணலிலிருந்தும் வந்தவை. ஒரு பகுதி இரண்டு இனங்களின் துண்டுகளும் ஒட்டியவை. ஒட்டுத் துண்டுகள் இருக்கின்றன என்றால், வெவ்வேறு இனக் குரோமோசோம்களும் எப்போதாவது ஜோடி சேர்ந்து குறுக்கேற்றம் செய்துகொள்கின்றன என்று பொருள். ஒவ்வொரு இனத்தின் குரோமோசோமையும் வெவ்வேறு நிறத்தில் ஒளிரச் செய்யும் முறை வந்த பிறகுதான் இது கண்ணுக்குத் தெரிந்தது. கார்மைன் சாயத்தில் இரண்டும் ஒரே சிவப்பு.

2018-இல் நாணலின் மரபணுத்தொகுதி படிக்கப்பட்டபோது அதற்கு எடுத்துக்கொண்ட செடி, 64 குரோமோசோம் உள்ள நாணலிலிருந்து பெறப்பட்ட, 32 மட்டும் கொண்ட அரைத்தொகைச் செடி. கோ 205-க்குத் தந்தை கொடுத்ததும் அதே எண்ணிக்கைதான். தாயிடமிருந்து வந்த 80-ஐப் பிரித்துப் படிப்பது கடினம், ஏனென்றால் அங்கே ஒரே குரோமோசோமின் எட்டுப் பிரதிகள் சற்றே மாறுபட்ட எழுத்துகளோடு நிற்கின்றன. முழு நவீனக் கரும்பு ஒன்றின், ஆர் 570 என்ற ரகத்தின், விரிவான மரபணுத்தொகுதி 2024-இல்தான் வெளிவந்தது.